நந்தி விலகினார், தொகுப்பாளர் விலகவில்லை

திருப்புன்கூரில் சிவலோகநாதரைக் காண வாயிலுக்கு வெளியே வந்து நின்ற நந்தனாருக்காக, இறைவன் தம் வாகனமான நந்தியையே ஒருபுறமாக விலகச் செய்தார். இன்றும் அத்தலத்தில் நந்தியெம்பெருமான் சந்நிதிக்கு நேராக இல்லாமல் சற்றே ஒதுங்கித்தான் இருக்கிறார். நாம் எல்லோரும் அறிந்த வரலாறுதான். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்திருந்தபோது அது என் நினைவுக்கு வந்தது.

என் தாயாருக்கு எண்பத்தொன்பது வயது. பிறந்த ஊர் வேலூருக்கு மேற்கே, ஆம்பூர் போகும் வழியில் பாலாற்றங்கரையில் உள்ள விரிஞ்சிபுரம். இரண்டு முழங்கால்களும் ஒத்துழைக்க மறுத்து ஐந்தாண்டுகள் ஆகின்றன. வாசற்படி இறங்குவதற்கே இருவர் பிடிக்க வேண்டும். எனவே அவர் செய்யும் தரிசனமெல்லாம் தொலைக்காட்சி வழியாகத்தான். அன்று விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் ஆலயத்தைக் காட்டப் போகிறார்கள் என்று முதல் நாளே அறிவிப்பு வந்திருந்தது. அம்மா விடியற்காலையிலேயே நீராடி, திருநீறு இட்டுக்கொண்டு, கைத்தறிச் சேலை உடுத்தி, நாற்காலியில் வந்து அமர்ந்துவிட்டார். என் மனைவி ஒரு சிறு விளக்கையும் ஏற்றி வைத்தாள். கோயிலுக்குப் போவதற்கு என்னென்ன செய்வோமோ அத்தனையும் செய்தாகிவிட்டது; போவது ஒன்றுதான் பாக்கி.

நிகழ்ச்சி தொடங்கியது. முதலில் பாலாற்றுப் பாலம். அதன் மேல் கறுப்புக் கண்ணாடி அணிந்த தொகுப்பாளர் நடந்து வந்தார். பிறகு மதில். விரிஞ்சிபுரத்தின் மதிலழகு பழமொழியிலேயே இடம்பெற்றது. அந்த மதிலின் முன்னால் தொகுப்பாளர் நின்றார். பிறகு இராஜகோபுரம், அதன் முன்னாலும் தொகுப்பாளர். கோபுரத்தின் அடிநிலை மட்டும் அவர் தோளுக்குப் பின்னே மங்கலாகத் தெரிந்தது. உள்ளே போனார்கள். கொடிமரத்தைப் பார்க்கப் போகிறோம் என்று அம்மா கைகளைக் குவித்தார். கொடிமரத்துக்கும் நமக்கும் நடுவே வந்து நின்றுகொண்டு, "இந்தக் கோயில் வேற லெவல்" என்றார் அவர்.

அம்மா குவித்த கையை இறக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "அந்தப் புள்ளையக் கொஞ்சம் நகந்துக்கச் சொல்லுப்பா" என்றார்.

நான் யாரிடம் போய்ச் சொல்வது? நந்தனாருக்கு நந்தி விலகினார். என் தாயாருக்குத் தொகுப்பாளர் விலகவில்லை. இருபத்திரண்டு நிமிட நிகழ்ச்சியில் தொகுப்பாளரின் முகமோ முதுகோ இல்லாமல் ஆலயம் மட்டும் திரையில் இருந்த நேரத்தைப் பின்னர் மறுஒளிபரப்பின்போது கைக்கடிகாரத்தை வைத்துக் குறித்துப் பார்த்தேன். நான்கு நிமிடம் கூடத் தேறவில்லை. வங்கியில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவனுக்குக் கணக்குப் பார்க்கும் புத்தி எங்கே போகும்?

இதை நான் தனி ஒருவரின் குறையாக எழுதவில்லை. அவரும் யார் வீட்டுப் பிள்ளையோ. ஒரே நாளில் நான்கு ஆலயங்களைப் படமெடுத்துத் தரச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஆனால் ஆலயங்களையும் கோட்டைகளையும் மலைகளையும் காட்டுவதாகச் சொல்லி வருகிற நிகழ்ச்சிகளில் பத்துக்கு எட்டு இப்படித்தான் இருக்கின்றன. நம்மைப் போன்ற வயதானவர்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பதை அவற்றைத் தயாரிப்பவர்கள் அறிந்திருப்பார்களா என்று ஐயமாக இருக்கிறது.

அன்று அவர்கள் விரிஞ்சிபுரத்தில் எதையெல்லாம் விட்டார்கள் என்று சொல்கிறேன். இறைவனின் திருநாமமே மார்க்கபந்து, அதாவது வழித்துணைநாதர். மிளகு வணிகர் ஒருவர் கள்வர் பயத்தோடு இவ்வழியே சென்றபோது, பெருமான் தாமே துணையாக நடந்து சென்றார் என்பது தலவரலாறு. அம்பாள் மரகதாம்பிகை. படைப்புக் கடவுளான பிரமன், அதாவது விரிஞ்சன், வழிபட்டதால் ஊர் விரிஞ்சிபுரம் ஆயிற்று. அந்தப் பிரமனே சிவசர்மன் என்னும் அர்ச்சகச் சிறுவனாகப் பிறந்தான் என்றும், தந்தையை இழந்த அப்பாலகன் திருமஞ்சனக் குடத்தைத் தூக்கிக்கொண்டு எட்டாமல் தவித்தபோது, பெருமான் தம் திருமுடியைச் சாய்த்துக் கொடுத்தார் என்றும் சொல்வார்கள். லிங்கத் திருமேனி இன்றும் சாய்ந்தே இருக்கிறது. குழந்தைக்கு எட்டவில்லை என்று குனிந்து கொடுத்த சுவாமி! இந்த ஒரு வரலாற்றைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். கேட்கிற தாய்மார்களின் கண்ணில் நீர் வராமல் இருக்காது. தொகுப்பாளர் என்ன சொன்னார் தெரியுமா? "இங்குள்ள லிங்கம் சாய்ந்திருப்பதன் மர்மம் என்ன என்று விஞ்ஞானிகளே குழம்பிப் போயிருக்கிறார்கள்." எந்த விஞ்ஞானி வந்தார், எப்போது குழம்பினார்?

இந்த 'மர்மம்' என்னும் சொல்லைப் பற்றித் தனியே எழுத வேண்டும். எதற்கெடுத்தாலும் மர்மம், அமானுஷ்யம், திகில். பின்னணியில் பேய்ப் படத்தின் இசை. சுவாமி சந்நிதியில் மங்கல வாத்தியம் ஒலித்துக்கொண்டிருக்கும்போது, அதை அடக்கிவிட்டு இந்த இரைச்சலைச் சேர்க்கிறார்கள். நாதஸ்வரக் கலைஞரின் கன்னம் உப்புவது தெரிகிறது, நாதம் மட்டும் வரவில்லை.

அதே ஆலயத்தில் உள்ளே தென்புறத்தில் மணி காட்டும் கல் ஒன்று இருக்கிறது. பிறை வடிவக் கல். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், அதன் நிழல் விழும் கோட்டைக்கொண்டு நேரம் அறியலாம். சிறுவர்களாக விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நாங்கள் ஈர்க்குச்சி வைத்துப் பார்த்து விளையாடியிருக்கிறோம். தொகுப்பாளர் அந்தக் கல்லின் மீது கையை ஊன்றிக்கொண்டு, நம் முன்னோர்கள் உலகத்துக்கே முன்னோடிகள் என்று மூன்று நிமிடம் பேசினார். வெயில் நன்றாக இருந்தது. ஒரு குச்சியை எடுத்து வைத்து, நிழல் எங்கே விழுகிறது, கையிலுள்ள கடிகாரம் என்ன காட்டுகிறது என்று படம் பிடித்திருந்தால் அவர் ஒரு வார்த்தையும் பேசியிருக்க வேண்டாம். முன்னோர்களின் பெருமையை அந்த நிழலே சொல்லியிருக்கும். கடைசிவரை குச்சி வரவில்லை.

இன்னொன்று, வானிலிருந்து எடுக்கும் படம். டிரோன் என்னும் கருவி வந்த பிறகு எல்லா நிகழ்ச்சிகளிலும் கோபுரத்தையும் விமானத்தையும் மேலிருந்து காட்டுகிறார்கள். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. மதில்களும் பிராகாரங்களும் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்திருப்பது அப்படிப் பார்த்தால்தான் விளங்குகிறது. ஆனால் கோபுர உயரத்துக்கு மேல் வீட்டு மாடி எழுப்பக் கூடாது என்று கட்டுப்பாடாக வாழ்ந்த ஊர்கள் நம்முடையவை. அண்ணாந்து பார்த்தே பழகிய கழுத்து இது. ஒரு முறை மேலிருந்து காட்டினால் போதும். பிறகு ஒரு பக்தன் நிற்கும் இடத்தில் படப்பெட்டியை நிறுத்தி, அவன் பார்வை உயர்வது போலவே மெதுவாக உயர்த்திக் காட்டலாமே.

வேலூர்க் கோட்டைக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு உண்மையாகவே மனம் நொந்தது.

வேறொரு நிகழ்ச்சி, வேறொரு தொகுப்பாளர். அகழிக் கரையில் நின்றுகொண்டு, "ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு" என்று வேலூரைப் பற்றிய பழைய சொலவடையை முழக்கமாகச் சொல்லித் தொடங்கினார். ராஜா இல்லை, சரி. பாலாற்றில் பெரும்பாலும் மணல்தான், அதுவும் சரி. 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடியதை அவர் பார்த்திருக்கமாட்டார் போலும். ஆனால் சாமி இல்லாத கோயிலா?

கோட்டைக்குள் இருக்கும் ஸ்ரீ ஜலகண்டேஸ்வரர் ஆலயத்தில் நெடுங்காலம், சுமார் நானூறு ஆண்டுகள் என்பார்கள், மூலமூர்த்தி இல்லாமலிருந்தது உண்மை. போர்களின்போது அகற்றப்பட்ட சிவலிங்கத் திருமேனி சத்துவாச்சாரியில் ஜலகண்ட விநாயகர் ஆலயத்தில் இருந்தது. கோட்டைக்குள்ளிருந்த ஆலயம் விளக்கின்றி, மணியோசையின்றி, வௌவால்களின் இருப்பிடமாகக் கிடந்தது. சுற்றுலா வருபவர்கள் காலணியோடு கருவறை வரை போய்வந்த காலம் எனக்கே நினைவிருக்கிறது. 1981-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள் அந்தத் திருமேனி மீண்டும் கோட்டைக்குள் எழுந்தருளியது. தொல்லியல் துறையின் ஆட்சேபங்களுக்கு நடுவே, பக்தர்களின் உறுதியால் நடந்த காரியம் அது. அன்று முதல் இன்று வரை நித்திய பூசை நடக்கிறது. பிரதோஷத்தன்று அங்கே கால் வைக்க இடம் இருக்காது.

அப்போது எனக்கு வங்கி வேலை கிடைத்து வெளி மாவட்டத்தில் இருந்தேன். அப்பா எழுதிய இன்லண்டு கடிதம் இன்னும் என் பழைய பெட்டியில் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் மூன்றாம் நாளே போய்த் தரிசித்திருக்கிறார்கள். கருவறை வாயிற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது அம்மா வாய்விட்டு அழுததாக அப்பா எழுதியிருந்தார். அப்பா அதிகம் எழுதுகிறவர் அல்லர். அந்த ஒரு வரிக்குக் கீழே, மாதாந்திரச் செலவுக் கணக்குதான் இருந்தது.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இப்போது ஒருவர் அகழிக் கரையில் நின்று 'சாமி இல்லாத கோயில்' என்கிறார். அம்மா என்னைப் பார்த்து, "நான் பாத்தேனேப்பா. என் கண்ணால பாத்தேனே" என்றார். ஏதோ அவர் பொய் சொல்லிவிட்டதாக யாரோ குற்றம் சாட்டியதைப் போல அந்தக் குரல் இருந்தது. தொகுப்பாளர் நாற்பது அடி உள்ளே நடந்து போயிருந்தால் அர்ச்சகரிடம் விபூதியே வாங்கியிருக்கலாம். பிறகு அதே நிகழ்ச்சியில் ஆலயத்தின் உள்ளேயும் காட்டினார்கள். பின்னால் தீபாராதனை நடந்துகொண்டிருந்தது! தாம் தொடக்கத்தில் சொன்னதற்கும் இப்போது காட்டுவதற்கும் பொருத்தம் இல்லையே என்று தொகுப்பாளருக்கும் தோன்றவில்லை, படத்தை வெட்டி ஒட்டியவருக்கும் தோன்றவில்லை.

நான் பல ஆண்டுகள் ஆம்பூர்க் கிளையில் பணியாற்றியவன். தோல் ஏற்றுமதியாளர்களின் பத்திரங்களைச் சரிபார்ப்பது என் வேலை. லெட்டர் ஆஃப் கிரெடிட் முறையில் பொருள் அனுப்புபவர், கப்பல் ரசீதில் வாங்குபவரின் பெயரில் ஓர் எழுத்தைத் தவறாக எழுதிவிட்டால் போதும், அயல்நாட்டு வங்கி பணம் தர மறுத்துவிடும். சரக்கு நல்ல சரக்காக இருந்தாலும் சரி. பத்திரத்தில் முரண்பாடு என்றால் முரண்பாடுதான். இரவு எட்டு மணிக்கு மேலும் உட்கார்ந்து ஒரு காற்புள்ளிக்காகச் சண்டை போட்டிருக்கிறோம். ஒரு கட்டு ஆட்டுத்தோலுக்கு இவ்வளவு கவனம் வேண்டுமென்றால், கோடிக்கணக்கானவர்கள் கும்பிடுகிற தெய்வத்தின் பெயரைச் சொல்ல எவ்வளவு வேண்டும்? மார்க்கபந்தீஸ்வரரை அன்று 'மார்க்கண்டேஸ்வரர்' என்றே மூன்று முறை சொன்னார்கள். மரகதாம்பிகையின் பெயரைச் சொல்லவே இல்லை. அதுவும் ஒருவகையில் நல்லதாயிற்று.

கோட்டையைப் பற்றிச் சொல்ல விஷயமா இல்லை? பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரப் பேரரசின் கீழ் வேலூரை ஆண்ட சின்ன பொம்ம நாயக்கர்தான் மகான் அப்பய்ய தீட்சிதரை ஆதரித்தவர். தீட்சிதரின் சிவார்க்கமணிதீபிகை என்னும் பெருநூல் நிறைவெய்தியபோது அவருக்குப் பொன்னால் கனகாபிஷேகம் செய்தார் நாயக்கர். அந்நூலை ஐந்நூறு மாணாக்கர்களுக்குக் கற்பிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. இது செவிவழிக் கதை அல்ல. ஆரணிக்கு அருகே தீட்சிதரின் சொந்த ஊரான அடையபலத்தில், காலகண்டேஸ்வரர் ஆலயத்தில், 1582-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஐந்நூறு மாணாக்கர்கள் அமர்ந்து சைவ வேதாந்தம் பயின்ற மண் இது. நம் தொகுப்பாளர்களில் ஒருவர் வாயிலிருந்தும் இதை நான் கேட்டதில்லை. சுரங்கப்பாதை ஒன்று இருப்பதாகவும், அதன் வழியாகக் குதிரையிலேயே ஆரணிக்குப் போய்விடலாம் என்றும் மட்டும் எல்லோரும் தவறாமல் சொல்கிறார்கள்.

1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் விடியலுக்கு முன் இதே கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். காரணங்களில் தலையாயது எது? சிப்பாய்கள் நெற்றியில் திருநீறோ திருமண்ணோ இடக் கூடாது, முஸ்லிம் வீரர்கள் தாடி வைக்கக் கூடாது என்று வந்த ஆணை. அதோடு, தோலால் ஆன சின்னம் பொருத்திய புதுவகைத் தலைப்பாகை. தோல் பதனிட்டே உலகப் புகழ் பெற்ற இந்த வட்டாரத்தில் நின்றுகொண்டு இதைச் சொன்னால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்! நெற்றிச் சின்னத்தை அழிக்கச் சொன்னதற்காக ஒரு படையே எழுந்தது என்று கேட்டால், இன்று நீறு பூசக் கூச்சப்படும் பேரப்பிள்ளைகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார மாட்டார்களா? கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் 1816-இல் இங்கே கொண்டுவரப்பட்டுச் சிறைவாசத்திலேயே 1832-இல் காலமானார். பாலாற்றங்கரையில் அவருக்கு முத்துமண்டபம் இருக்கிறது. இதையும் விட்டுவிட்டு, ஆம்பூர்ப் பிரியாணிக் கடைக்குப் போய்விட்டார்கள். கோயில் நிகழ்ச்சியில் பிரியாணி எதற்கு என்று கேட்டால், 'ஊர்ச்சிறப்பு' என்பார்கள்.

கல்யாண மண்டபத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜலகண்டேஸ்வரர் ஆலயத்துக்குள் நுழைந்ததும் உள்ள அந்த மண்டபத்தின் தூண்களில் பாயும் குதிரைகளும் யாளிகளும் இருக்கின்றன. அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் விரிந்த தாமரை, அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள். ஒரு பக்கம் மறைத்தால் காளையாகவும் மறுபக்கம் மறைத்தால் யானையாகவும் தெரிகிற, ஒரே தலையைப் பகிர்ந்துகொண்ட சிற்பமும் உண்டு. கையால் மறைத்துக் காட்டினால்தான் அந்தச் சிற்பியின் விளையாட்டு புரியும். சென்ற ஆண்டு ஒரு நிகழ்ச்சியில், பெயர் தெரியாத ஒரு படப்பிடிப்பாளர், தொகுப்பாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே தம் போக்கில் படப்பெட்டியை விதானத்தின் மேல் திருப்பி, அந்தக் கிளிகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். பத்து விநாடி இருக்கும். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

நம்மால் நன்றாகச் செய்ய முடியாது என்றில்லை. என் இளமையில் வீட்டில் தொலைக்காட்சி ஏது? சென்னைத் தொலைக்காட்சி நிலையமே 1975-இல்தான் வந்தது. எங்களுக்கு வானொலிதான். வைகுண்ட ஏகாதசியன்று விடியற்காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி வானொலி செய்த நேர்முக வர்ணனையை, போர்வையைப் போர்த்திக்கொண்டு கேட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். வர்ணனையாளரின் முகம் எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. நம்பெருமாள் ரத்னாங்கி அணிந்து புறப்படுவதையும், பரமபத வாசலை நோக்கி வருவதையும், அடி அடியாகச் சொல்லிக்கொண்டே வருவார்கள். வாசல் திறக்கும் நேரத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்கள். வெறும் நாதஸ்வரமும், மக்களின் 'ரங்கா, ரங்கா' முழக்கமும் மட்டும் வந்துகொண்டிருக்கும். என் பாட்டி இருட்டிலேயே எழுந்து நின்று வானொலிப் பெட்டியைச் சேவிப்பார். கண்ணுக்குத் தெரியாததைச் சொல்லால் காட்டினார்கள் அன்று. எதிரில் தெரிகிறதைச் சொல்லாலும் உடம்பாலும் மறைக்கிறார்கள் இன்று. படம் வந்த பிறகு நமக்குப் பார்வை குறைந்துவிட்டது!

தூர்தர்ஷனிலும் அந்த நிதானம் இருந்தது. 1988-இல் ஷியாம் பெனகல் இயக்கிய 'பாரத் ஏக் கோஜ்' தொடர் ஐம்பத்து மூன்று பகுதிகள் வந்தது. எனக்கு இந்தி அரைகுறை. ஆனாலும் ஒரு பகுதியையும் விட்டதில்லை. ஓம் புரியின் குரல் வரும். ஆள் குறுக்கே வர மாட்டார். ஆங்கிலேயர் மைக்கேல் வுட் 2007-இல் பிபிசிக்காக இந்திய வரலாற்றை ஆறு பகுதிகளாக எடுத்தார். அவர் திரையில் வராமல் இல்லை, நிறையவே வருகிறார். ஆனால் வந்தால், எதிரில் இருப்பவரைக் கேள்வி கேட்பார், கேட்டுவிட்டு அவர் பேசும்வரை காத்திருப்பார். வேற்று மதத்தவர், வேற்று நாட்டவர். நம் சிதம்பரத்தையும் தஞ்சையையும் பற்றிப் பேசும்போது அவர் காலணியைக் கழற்றியிருப்பது அவர் குரலிலேயே தெரியும். டேவிட் அட்டன்பரோ என்னும் பெரியவர் ருவாண்டாக் காட்டில் கொரில்லாக் குரங்குகளின் நடுவே அமர்ந்து, அவை கலைந்துவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்திக் கிசுகிசுப்பாகப் பேசியதை என் பேரன் யூடியூபில் காட்டினான். குரங்குக் கூட்டத்துக்கு அவர் கொடுத்த மரியாதையில் பாதியை நம்மவர் கருவறைக்குக் கொடுத்தால் போதாதா?

பழியை முழுவதும் தொலைக்காட்சியின் மீது சுமத்தவும் எனக்கு மனமில்லை. படமெடுக்க வருபவர்களிடம் நம் ஊர்ப் பெரியவர்கள் என்ன சொல்லி அனுப்புகிறோம்? 'லட்சம் ஆண்டுப் பழைமை' என்கிறோம். கல்வெட்டில் ஆண்டு இருக்கும்போதே அதைச் சொல்வதில்லை. தலபுராணத்தைப் புராணமாகச் சொல்ல வேண்டும், வரலாற்றை வரலாறாகச் சொல்ல வேண்டும். சுவாமி திருமுடி சாய்த்தார் என்பது நம் நம்பிக்கை. அதைச் சொல்ல விஞ்ஞானியின் குழப்பம் துணைக்கு வேண்டாம். திருவல்லத்தில் நந்திகள் இறைவனுக்குப் புறங்காட்டிக் கஞ்சனகிரியை நோக்கியிருப்பதற்குத் தலவரலாறே தெளிவாகக் காரணம் சொல்கிறது: திருமஞ்சன நீர் கொண்டுவர விடாமல் தடுத்த கஞ்சன் என்னும் அசுரனை நந்தியெம்பெருமான் அடக்கினார், அவன் மீண்டும் வராமல் காவலிருக்கிறார். அந்த ஊர்க்காரர் ஒருவரே படப்பெட்டியின் முன் நின்று, 'காந்த சக்திதான் காரணம்' என்று சொல்வதை என் காதால் கேட்டேன். தொகுப்பாளர் தலையாட்டினார். யாரை நோவது?

விரிஞ்சிபுரம் நிகழ்ச்சி வந்த மறுநாள், அந்தத் தொலைக்காட்சி நிலையத்துக்கு மூன்று பக்கத்தில் கடிதம் எழுதினேன். தவறுகளை நேரக் குறிப்போடு பட்டியலிட்டிருந்தேன். பதில் வரவில்லை. ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு என் மருமகனின் கைப்பேசியை வாங்கிக்கொண்டு பேருந்தேறி விரிஞ்சிபுரம் போனேன். அலுவலகத்தில் அனுமதி கேட்டு, அனுமதித்த இடங்களை மட்டும் எடுத்தேன். கருவறையை எடுக்கவில்லை, எடுக்கவும் கூடாது. ஒரு சொல்லும் பேசவில்லை. ஆற்றுப் பக்கமிருந்து மதில், கோபுர வாயில், கொடிமரம், பிராகாரம், தலமரமான பனை, மணி காட்டும் கல். ஈர்க்குச்சியை நானே கொண்டுபோயிருந்தேன். நிழல் பத்தேகாலைக் காட்டியது. என் கடிகாரம் பத்து இருபது. ஐந்து நிமிட வித்தியாசம் என் கடிகாரத்தினுடையது என்றே வைத்துக்கொள்வோம். கடைசியாகச் சிம்ம தீர்த்தம். சிங்கத்தின் திறந்த வாய் வழியாக இறங்கிப் போகும் அந்தக் கிணற்றின் முன் இரண்டு நிமிடம் அசையாமல் நின்றேன்.

மாலையில் அதைத் தொலைக்காட்சியில் இணைத்துப் போட்டோம். அம்மா கைகுவித்தபடியே பார்த்தார். கொடிமரம் வரும்வரை பேசவில்லை. பிறகு மெல்லத் தொடங்கினார். இந்த மதிலோரத்தில்தான் தேர் நிறுத்துவார்கள். இந்தத் தூணருகில் ஒரு பூக்காரம்மாள் உட்கார்ந்திருப்பார், மிச்சமான கதம்பத்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுவார். இந்தப் பனையின் காய் ஓர் ஆண்டு கறுப்பாகவும் மறு ஆண்டு வெளுப்பாகவும் காய்க்கும் என்று அவருடைய தாத்தா சொல்வார். நான் அறியாத செய்திகள். படத்தில் பேச்சு இல்லாததால் அவர் பேசுவதற்கு இடம் இருந்தது.

சிம்ம தீர்த்தம் வந்தது. கார்த்திகைக் கடைஞாயிறு முன்னிரவில் மகப்பேறு வேண்டுவோர் அதில் நீராடி, ஈரச்சேலையோடு பிராகாரத்தில் படுத்துறங்கினால், கனவில் பெருமான் அருள்வார் என்பது அத்தலத்தின் நம்பிக்கை. எனக்கும் தெரிந்ததுதான், கூட்டத்தை வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

"கல்யாணமாகி நாலு வருசம்" என்றார் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்க பாட்டிதான் கூட்டிட்டுப் போனாங்க. நல்ல குளிரு. பல்லு கிட்டிக்கிச்சு. அந்தத் தூணுக்குப் பக்கத்துலதான் படுத்திருந்தேன். ஒரு பெரியவர் வந்து மடியில ஒரு எலுமிச்சம்பழம் போட்டாரு. அடுத்த வருசம் நீ பொறந்தே."

அறுபத்தாறு ஆண்டுகளாக இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. என் மனைவி விளக்கின் திரியைத் தூண்டிவிட்டுவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த காட்சி அம்பாள் சந்நிதியின் வெளிவாயில். திரையின் இடது ஓரத்தில் செக்கச் செவேலென்று ஏதோ பாதி வாயிலை மறைத்தது. கைப்பேசியைப் பிடித்திருந்த என் கட்டைவிரல்தான்.

அம்மா சிறிது நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"விரலைக் கொஞ்சம் நகத்துப்பா" என்றார்.